ரெசிஸ்டர் இல்லாத வண்டி

புதுக்கோட்டையில ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர் மேசை மேல, கார் இஞ்சினுக்குப் பொறி குடுக்குற காயில் ரெண்டை எடுத்து வச்சார். பார்க்க ரெண்டும் ஒண்ணு போலத்தான். வெள்ளிக் கலர் டப்பா, கறுப்பு மூடி.

"இது நேரா பன்னெண்டு வோல்ட்டுல ஓடும். மூணு ஓம். அது ஒன்றரை ஓம், வண்டியில கரண்டைக் குறைக்கிற ரெசிஸ்டர் தனியா இருந்தாத்தான் தாங்கும். இல்லாம போட்டா கொதிச்சுப்போயி வழியில நின்டுரும். உங்க வண்டியில இருக்குங்களா?"

"இருக்கு"ன்னேன்.

இல்லை. என்னைவிட அஞ்சாறு வயசே சின்னதான அந்த வெள்ளைக் காருல ரெசிஸ்டர் எங்கிட்டுத் தேடினாலும் கிடைக்காது. முப்பது வருஷம் கரண்ட் ஆபீஸ்ல குப்பை கொட்டினவன் நான். ஓம் கணக்கு தெரியலைன்னா ஆலங்குடியே சிரிக்கும். தெரிஞ்சேதான் சொன்னேன். ஒன்றரை ஓம் காயிலைக் கையில வாங்கினப்ப, பல்லு வலி விட்ட மாதிரி ஒரு நிம்மதி.

காரணம் மீமிசல்ல இருந்துச்சு. என் மக என்னைக் கேக்காம அந்தக் கடற்கரைப் பையனைக் கல்யாணம் பண்ணிக்கிட்டுப் போயி ரெண்டு வருஷம். நான் அவகூட ஒரு வார்த்தை பேசலை. அவளுக்குப் பிள்ளை பிறந்ததும் என் வீட்டுக்காரி ஒரே பிடியா நின்னா. "வந்தா ஒங்க கூட போறேன். வரலைன்னா நானே பஸ் ஏறிருவேன்." அந்த நேரம் பார்த்து வண்டியில பழைய காயில் எண்ணெய் ஒழுகிச் செத்துப்போச்சு. மாத்திட்டுப் போவோம்னு சொல்லி வச்சேன். நல்ல காயிலா மாத்தினா போயித்தானே ஆகணும்.

முதல் ஞாயித்துக்கிழமை அறந்தாங்கி வரைக்கும் வண்டி வழுக்கிக்கிட்டுப் போச்சு. ஆவுடையார்கோயிலைத் தாண்டினதும் ரெண்டு இருமல், அப்புறம் சத்தமே இல்லை. பக்கத்துல ஒரு கண்மாய். வேப்பமரத்து நிழல்ல என் வீட்டுக்காரி டிபன் கேரியரை மடியில வச்சு உக்காந்தா. ரோட்டுல வெயில் தண்ணி மாதிரி நெளிஞ்சுது. கண்மாய்க்குள்ள நாரைங்க ஒத்தக் கால்ல நின்னதுங்க. அசையுதா இல்லையான்னு பார்த்துக்கிட்டே எனக்குக் கண்ணு சொருகிருச்சு. முழிச்சப்ப காயில் ஆறியிருந்துச்சு. வண்டி ஒரே சுத்துல கிளம்பிருச்சு. "இனிமே போனா இருட்டிரும்"னு ஆலங்குடிப் பக்கமே திருப்பினேன். கேரியர்ல இருந்த பத்தியக் குழம்பை ராத்திரி எனக்கே ஊத்தினா. நானும் வெக்கமில்லாம சாப்பிட்டேன்.

அடுத்த ஞாயிறும் அதே கதை, அதே கண்மாய்க்குக் கொஞ்சம் தள்ளி. இந்தத் தடவை அவ நிழலுக்குப் போகலை. கேரியரையும் பிள்ளைத்துணிப் பையையும் எடுத்துக்கிட்டு, வந்த பஸ்ஸைக் கைகாட்டி நிப்பாட்டினா. "நான் போறேங்க"ன்னா. அவ்வளவுதான். பஸ்ஸு புழுதிக்குள்ள போயி மறைஞ்சுருச்சு.

கதவைத் திறந்து போட்டு சீட்டுல சாஞ்சேன். பானெட்டுக்குள்ள டிக்கு டிக்குனு இரும்பு ஆறுற சத்தம். தூங்கினேனா முழிச்சிருந்தேனா தெரியலை. பேரப்பிள்ளை மொகம் எப்படி இருக்கும்னு நெனைச்சா, என் மக கைக்குழந்தையா இருந்த மொகம்தான் வருது. கண்மாய்க்கரை மேல என் மக என்னைப் பார்த்து நடந்து வாரா, வாரா, ஆனா கிட்ட வரவே மாட்டேங்குறா. பாழாப்போன மனுசன் நான்.

பைக் சத்தம் கேட்டு எந்திரிச்சேன். போன் போட்டோவுல மட்டும் பார்த்திருந்த மொகம். மருமகன். பைக் பின்னால மீன் பெட்டி.

"அத்தை வந்து சொன்னாங்க மாமா. காயில் சூடாகி நின்டுருச்சுன்னு."

பெட்டியைத் திறந்தார். மீன் இல்லை, முழுக்க ஐஸ். ஏலக்கூடத்துல இருந்து அள்ளிக்கிட்டு வந்திருக்கார். ஒரு சாக்கைக் கிழிச்சு ஐஸை உள்ள வச்சு, மேல் மூடி நனையாம காயிலைச் சுத்திக் கட்டினார். பானெட்டுக்குள்ள கவிச்சி வாடை குப்புனு ஏறுச்சு. நான் கையைக் கட்டிக்கிட்டு நின்னேன். ஏன் ரெண்டு வருஷமாப் பேசாம இருக்கீங்கன்னு அந்தப் புள்ள ஒரு வார்த்தை கேக்கலை. கேட்டிருந்தா சண்டை போட்டாவது தப்பிச்சிருப்பேன்.

டப்பாவுல ஒட்டியிருந்த எழுத்தைக் குனிஞ்சு படிச்சார்.

"ரெசிஸ்டரோட போடணும்னுல்ல இருக்கு. கடைக்காரர் தெரியாம மாத்திக் குடுத்துட்டாரு போல மாமா."

ஆமான்னு தலையாட்டிட்டா முடிஞ்சுது. நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு.

"இல்ல. அவரு கேட்டாரு. நான்தான் தெரிஞ்சே இதை வாங்கினேன்."

அவர் நிமிந்து என்னைப் பார்த்தார். அப்புறம் சாக்கை இன்னொரு சுத்து இறுக்கிக் கட்டிட்டுக் கையைச் சட்டையில தொடைச்சார்.

"பரவால்லைங்க மாமா. ஐஸ் முக்கா மணி நேரம் தாங்கும். நம்ம வீட்டுக்கு அரை மணி நேரம்தான்."