ஸ்டெல்லா அக்காவின் முகம்

ஞாயிறு காலை மீன் கழுவிக்கொண்டிருந்தபோது அலுவலகத்திலிருந்து போன் வந்தது. ஸ்டெல்லா அக்கா தூக்கத்திலேயே போய்விட்டார்களாம். ஈரக் கையோடு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

துறைமுகத்துக்கு வரும் சரக்குகளுக்குச் சுங்க வேலை முடித்துக் கொடுக்கும் அலுவலகம் எங்களுடையது. முன் மேசையில் அக்கா இருப்பார்கள். சிறு வயதில் ஸ்டவ் வெடித்து அவர்களின் இடது கன்னமும் கழுத்தும் வெந்து சுருங்கியிருந்தன. நான் சேர்ந்த புதிதில் சரக்கு விஷயமாக வந்த ஒருவர், அக்காவைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு, ஒன்றும் தெரியாத என்னிடம் விவரம் கேட்டார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அக்கா சிரித்தார்கள். "ஏளா, விடு. அவருக்கு ரெண்டு நாள் குடு, பழகிரும்." பழகத்தான் செய்தது. பிறகெல்லாம் அக்கா லீவு என்றால் அந்த மனிதர் நாளை வருகிறேன் என்று போய்விடுவார்.

துறைமுக நுழைவுச் சீட்டுக்குப் படம் எடுக்கச் சேர்ந்துதான் போனோம். ஸ்டூடியோக்காரர் நல்ல மனதோடு, "கொஞ்சம் அந்தப் பக்கமா திரும்புங்கக்கா" என்றார்.

"நேராவே எடுங்க. கேட்ல நிக்கவரு முழு மூஞ்சியயும் பாத்துத்தான உள்ள விடுவாரு?"

என் அம்மைத் தழும்புகளை ஃபில்டர் போட்டு மறைத்து வாட்ஸ்அப்பில் வைத்திருந்த படத்தையும் அக்கா விடவில்லை. "யாருளா இது, ஒன் தங்கச்சியா?" எனக்குத் தங்கச்சி கிடையாது என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

இவ்வளவும் கேட்ட நான்தான் அந்த வேலையைச் செய்தேன். அஞ்சலி ஃபிளெக்ஸ் அடிக்கும் பொறுப்பை அலுவலகத்தில் என்னிடம் விட்டிருந்தார்கள். "தழும்ப எடுத்திரவா?" என்று கடைக்காரர் கேட்டார். எடுத்துவிடுங்கள் என்றேன். வழுவழுவென்று ஒரு கன்னம் வந்தது. அழகாக இருக்கிறது என்று வேறு சொன்னேன்.

அக்கா வீட்டுத் தெருமுனையில் அதைக் கட்டி முடிக்கும் நேரம், லாரி ஓட்டும் அண்ணாச்சி ஒருவர் மாலையோடு வந்தார். வருடக்கணக்காக அக்காவிடம் சரக்குப் பேப்பர் வாங்கிப் போனவர். படத்தை ஏறிட்டுப் பார்த்தார், பெயரை வாசிக்கவில்லை.

"இந்தத் தெருவுல வேற யாரும் தவறிட்டாங்களாம்மா? நம்ம ஸ்டெல்லா அக்கா வீடு எங்கன இருக்கு?"

கூசிப்போய் நின்றேன். அக்காவுக்குப் பாரமாக இல்லாத தழும்பு எனக்குத்தான் இத்தனை நாளும் அசிங்கமாக இருந்திருக்கிறது. என் முகமும் எனக்கு அப்படித்தான்.

உடனே அவிழ்க்கச் சொல்லிவிட்டேன். இப்போது அங்கே இருப்பது நுழைவுச் சீட்டுப் படம். பெரிதாக்கியதில் கொஞ்சம் மங்கல்தான். அக்கா நேராகப் பார்க்கிறார்கள்.

போய் வாருங்கள், அக்கா. அங்கே வாசலில் நிற்பவரும் முகம் பார்த்துத்தான் உள்ளே விடுவார்.