அம்மாவின் மெடலுக்கு இஸ்திரி போட்டேன்

அம்மா தூங்கிவிட்டார். போர்வைக்குள் இருந்து எழுதுகிறேன். தயவுசெய்து யாரும் அவருக்கு ஃபார்வர்டு செய்துவிடாதீர்கள்.

அம்மா ராணுவ நர்ஸ், மேஜர். ஆப்பிரிக்காவில் ஐ.நா. அமைதிப்படை மருத்துவமனையில் வேலை பார்த்ததற்குக் கிடைத்த மெடலை நாளை விழாவுக்கு அணிய வேண்டும். அதன் ரிப்பன் கசங்கியிருந்தது. சாயங்காலம் அவர் டியூட்டியில் இருந்தபோது, உதவி செய்வதாக நினைத்து இஸ்திரி போட்டேன்.

ரிப்பன் உருகி இஸ்திரிப் பெட்டியில் ஒட்டிக்கொண்டது.

மெடலை டிபன் பாக்ஸில் போட்டுக்கொண்டு, கிழக்குத் தாம்பரத்தில் யூனிஃபார்ம் தைக்கும் டெய்லரிடம் ஓடினேன்.

"இன்னா பாப்பா, ஏன் அழுவுற?"

"அண்ணா, அம்மாவோட மெடல் போச்சு. ஐ.நா.வுக்கு எழுதினா வேற குடுப்பாங்களா?"

அவர் சிரித்துவிட்டார். "மெடலுக்கு ஒண்ணும் ஆவல. ரிப்பன்தான் பூட்ச்சு. அது நம்மகிட்ட ரோல் ரோலா கீது."

கருகியதை வெட்டிவிட்டுப் புதியதைத் தைத்தார். கொடுக்கும்போது என் முகத்தை உற்றுப் பார்த்தார்.

"மேஜரம்மா பொண்ணா நீ? போன வருசம் அவங்களும் இத்த இப்டித்தான் கருக்கிகினு வந்தாங்க. பொண்ணாண்ட சொல்லிடாதீங்கன்னாங்க."

ராத்திரி அம்மா மெடலை எடுத்து ரிப்பனைத் தடவினார்.

"பரவால்லயே, கசங்காம இருக்கு" என்று உள்ளே வைத்தார்.

ரேங்க்படி பார்த்தால் அம்மாதான் முதலில் உண்மையைச் சொல்ல வேண்டும். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?