மண்டபம் கேம்பை மறந்த கணக்கு

இலங்கை மலைநாட்டில், பதுளைக்கு ரயில் வந்த வருஷம் அது. அந்த ரயிலை நம்பித்தான் நான் கணக்கில் தப்புப் பண்ணினேன்.

எங்கள் ஹாலிஎல தோட்டத்தில் கருப்பண்ணன் மகள் வள்ளியம்மைக்குக் கல்யாணம். மாப்பிள்ளை திருச்சிப் பக்கத்து ஊரிலிருந்து வரவேண்டும். எத்தனை நாள் ஆகும் என்று என்னைத்தான் கேட்டார்கள், நான் சின்ன வயதில் அந்தத் தூரத்தைக் கால்நடையாகவும் தோணியிலும் வந்தவன் என்பதால்.

"இப்பதான் ரயிலு, கப்பலு எல்லாம் இருக்கே. நாலே நாளு" என்றேன். அதை வைத்து முகூர்த்தம் குறித்தார்கள்.

கல்யாணத்தன்று காலை ரயிலில் மாப்பிள்ளை வரவில்லை. இறங்கிய ஊர்க்காரர் ஒருவர் சொன்னார்: "அவர மண்டபம் கேம்புல நிறுத்திட்டாங்க. நான் முன்னாடியே வந்ததால நாள் முடிஞ்சு விட்டுட்டாங்க. நோய் இருக்கான்னு அஞ்சாறு நாள் பாத்துட்டுத்தான் கப்பல் ஏத்துவாங்களாம்."

கேம்பை நான் கணக்கில் சேர்க்கவே இல்லை.

"ஒன் நாலு நாளு எங்கடா?" என்று கருப்பண்ணன் என் மேல் பாய்ந்தார். "முகூர்த்தம் தப்பக்கூடாது. என் தங்கச்சி மவனுக்கே கட்டி வச்சிர்றேன்."

அந்த மவன் அதற்குள் புது வேட்டி கட்டிவிட்டான். பெண் குனிந்து அழுதாள்.

எங்கள் தோட்டத்திலேயே வாழ்க்கைப்பட்டிருந்த மாப்பிள்ளையின் அக்கா அங்கம்மா எழுந்து தாலியைக் கையில் எடுத்தாள். "நாத்தனா முடிச்சுப் போடுறது வழக்கந்தானே மாமா? மூணையும் நானே போடுறேன். தம்பி மெதுவா வரட்டும்."

கருப்பண்ணன் பதில் சொல்லும் முன்பே பெண் கழுத்தை நீட்டிவிட்டாள்.

நான் சொல்வதில் சந்தேகம் இருந்தால் அவளையே கேளுங்கள். அன்று பந்தலில் நின்றவர்களில் என்னைத் தவிர உயிரோடு இருப்பவள் அவள் ஒருத்திதான், வள்ளியம்மை.