கிணற்று வளைவில் நான் போட்ட தழை

லாரிப் பட்டறையில் முப்பத்தாறு வருடம் வேலை பார்த்தவன் நான். கிளட்ச், கியர் பாக்ஸ், கிரவுன் வீல் எல்லாவற்றிலும் தப்புச் செய்து திட்டு வாங்கித்தான் தொழில் கற்றேன். ஆனால் என் வாழ்க்கையிலேயே பெரிய தப்பை ஸ்பேனர் பிடிக்காத ஒரு ஞாயிற்றுக்கிழமையில் செய்தேன். பட்டறையில் இப்போது இருப்பவர்கள் அந்த நாளைப் பற்றி எழுதச் சொல்லி ரொம்ப நாளாக நச்சரிக்கிறார்கள். அவர்களுக்கு அதில் நான்தான் கதாநாயகன். அவர்கள் பாதிக் கதையைத்தான் கேட்டிருக்கிறார்கள். அதனால் முழுதாக எழுதிவிடுகிறேன்.

1. ஜீப் கிளப்

எண்பதுகளின் தொடக்கம். ராணுவத்தில் கழித்து ஏலம் விட்ட ஜீப்புகளை வாங்கி, ரிப்பேர் பார்த்து வைத்திருந்த பதினைந்து பேர் சேர்ந்து ஒரு கிளப் தொடங்கினார்கள். பாதிப்பேர் லாரி முதலாளிகள், மீதிப்பேர் போர் போடுகிற ரிக் வண்டிக்காரர்களும் ஜவுளிக்காரர்களும். ஞாயிறுதோறும் ஏரி, ஓடை, கரடு என்று ஜீப்பை விட்டு முட்டவைப்பார்கள். திங்கட்கிழமை அது என் பட்டறைக்கு வரும். அப்படித்தான் நான் கிளப் மேஸ்திரி ஆனேன்.

செயலாளர் சுந்தரம். மேட்டூரில் இஞ்சினியர் வேலை. எதையும் பேப்பரில் கோடு போட்டுத்தான் பேசுவார். அவர்தான் அந்த யோசனையைக் கொண்டுவந்தார். ஒரு நாள் கிளப்புக்கு வெளியே இருப்பவர்களும் வரட்டும். ஜீப்போ மோட்டார் சைக்கிளோ வைத்திருக்கிற யார் வேண்டுமானாலும் காட்டுத்தடத்தில் ஓட்டிப் பார்க்கட்டும். குடும்பத்தோடு வந்தாலும் சரி. ராசிபுரத்துக்கு மேற்கே ஏழு கிலோமீட்டர் சுற்று ஒன்றைத் தேர்ந்தெடுத்தோம். வண்டித்தடம், வறண்ட ஓடை, சரளை மேடு, மறுபடியும் வண்டித்தடம், கடைசியில் புறப்பட்ட புளியமரத்துக்கே வந்து சேர்கிற மாதிரி.

நாலாவது கிலோமீட்டரில் ஒரு கிணறு. வறண்டு போய் யாரும் இறைக்காத கிணறு. எங்கள் பக்கத்துக் கிணறுகளை அறிந்தவர்களுக்குத் தெரியும், சுற்றுச்சுவர் இருக்காது. தரைமட்டத்தோடு தரைமட்டமாக வாயைப் பிளந்து கிடக்கும். அந்த இடத்தில் தடம் இடது பக்கம் திரும்பும். இடது ஓரம் கிளுவை வேலி, அதனால் வளைவுக்கு அப்பால் ஒன்றும் தெரியாது. வலது பக்கம் ஆவாரஞ்செடி மண்டிய தரிசு. செடிக்குப் பின்னால் நாலு எட்டில் கிணறு.

நிலத்துக்குச் சொந்தக்காரரான காட்டுக்காரர் அனுமதி கொடுக்கும்போது ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"தாராளமா ஓட்டுங்க மேஸ்திரி. வெள்ளாமை ஒண்ணும் இல்ல. அந்தக் கெணத்தை மட்டும் பாத்துக்கோங்க. போன வருசம் எரும ஒண்ணு உழுந்துருச்சு."

"அது எம்பட பொறுப்புங்க" என்றேன்.

2. சிவப்புத் துணியும் வேப்பங்கொப்பும்

முந்தின நாள் மாலை தடம் முழுக்க அடையாளம் போட்டேன். சுந்தரம் நாற்பது சிவப்புத் துணி கொடுத்திருந்தார். ஓடை இறக்கம், பாறை, முள்வேலி என்று மற்ற இடங்களிலெல்லாம் கட்டிவிட்டுக் கடைசியாகக் கிணற்று வளைவுக்கு வரும்போது துணி தீர்ந்துபோயிற்று. திரும்பிப் போய் வேறு இடத்தில் கட்டிய நாலு துணியை அவிழ்த்து வந்திருக்கலாம். வரவில்லை. சோம்பேறித்தனம் என்று சொன்னால் பாதிதான் உண்மை. மீதி, திமிர்.

லாரித் தொழிலில் இருப்பவனுக்குத் தழைதான் சிக்னல். ரோட்டில் வண்டி பிரேக் டவுன் ஆனால், பின்னால் இருபது முப்பதடி தள்ளி நாலு மரக்கொப்பை ஒடித்துப் போட்டுவிடுவோம். பம்பாய் ரோடானாலும் கல்கத்தா ரோடானாலும் அதைப் பார்த்த டிரைவர் வேகத்தைக் குறைப்பான். நானும் பக்கத்து வேம்பில் நாலு கொப்பை ஒடித்து, வளைவுக்கு முன்னால் தடத்தின் நடுவில் பரப்பினேன். 'மெதுவாகப் போ, முன்னால் ஆபத்து' என்று அர்த்தம். வேகத்தைக் குறைத்து, தழை மேலேயே ஏறி, தடத்தோடு இடது பக்கம் திரும்பிப் போய்விடுவார்கள் என்பது என் கணக்கு.

ராத்திரி சாப்பிடும்போது சுந்தரத்திடம் சொன்னேன். அவர் கையைக் கழுவாமலே யோசித்தார்.

"மேஸ்திரி, தழை போட்டா போதுமா? எல்லாருக்கும் புரியுமா?"

"சார், உங்க துணி புரியாதவனுக்கும் எங்க தழை புரியும். வர்ற ஜீப்பு அஞ்சும் லாரிக்காரங்க ஓட்டறதுங்க" என்றேன்.

அவர் எழுந்து கை கழுவப் போனார். தொழில்காரன் அடித்துச் சொன்னால் படித்தவர்கள் அடங்கிவிடுவார்கள். அன்றைக்கு அவர் அடங்காமல் இருந்திருக்கலாம் என்று பல தடவை நினைத்திருக்கிறேன்.

3. மோர் குடித்துக்கொண்டே சொன்னது

காலையில் நல்ல கூட்டம். சேலத்துக் கல்லூரி மாணவர்கள், ஈரோட்டிலிருந்து நாலு பேர் என்று மோட்டார் சைக்கிள் மட்டும் பதினெட்டு வந்தன. அவற்றை முதலில் விட்டோம். முதல் மூன்று பேர் சுற்றை முடித்துப் புழுதியோடு வந்து சேர்ந்ததும், தடம் சரியாக இருக்கிறது என்று ஜீப்புகளை விட ஆரம்பித்தார் சுந்தரம். ஒரு ஜீப்புக்கும் அடுத்ததற்கும் நடுவில் மூன்று நிமிட இடைவெளி.

முதல் ஜீப் திருச்செங்கோட்டுப் பழனியப்பனுடையது. இருபது வருடம் லாரி ஓட்டி, இப்போது சொந்தமாக மூன்று லாரி வைத்திருந்தவர். பக்கத்தில் மனைவி சரோஜா, பின்னால் இரண்டு பெண் குழந்தைகள். டாப் கழற்றிய ஜீப். குழந்தைகள் எனக்கு டாட்டா காட்டிவிட்டுப் போயின.

நாலாவதாகத் திரும்பி வந்தவன் ஆட்டையாம்பட்டிக் குமரேசன். பம்பாய் லைனில் லாரி ஓட்டுபவன். வண்டியை ஸ்டாண்டு போட்டு, மோர்ப் பானைக்கு வந்து, சொம்பை வாயில் வைத்தபடியே சிரித்தான்.

"ஏனுங்க மேஸ்திரி, அங்க எந்த வண்டிங்க நின்னுபோச்சு?"

"எங்கடா?"

"வேலிகிட்ட. தழை கெடந்துச்சே. வளைவுக்கு அக்கட்ட வண்டி நிக்குதாட்டம் இருக்குதுன்னு வலது பக்கம் ஒடிச்சனுங்க. ஒடிச்சா, செடிக்குள்ள பொதுக்குன்னு ஒரு கெணறு! முன் சக்கரம் ஓரத்துல நின்னுச்சு. கல்லு ஒண்ணு பேத்துக்கிட்டு உள்ள போச்சு, உழுந்த சத்தம் வர எத்தன நேரங்கறீங்க? நல்ல வேளை, பைக்கு. காலை ஊனிட்டேன்."

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கு அப்போதுதான் உறைத்தது.

தழையைப் பார்த்தால் டிரைவர் இரண்டு காரியம் செய்வான். வேகத்தைக் குறைப்பான். அப்புறம், நிற்கிற வண்டியை விட்டு விலக வலது பக்கம் ஒடிப்பான். யோசித்துச் செய்வதில்லை, கை தானாகச் செய்யும். எனக்கு முதல் பாதிதான் நினைவில் இருந்தது. ஏனென்றால் நான் டிரைவர் இல்லை, மெக்கானிக். ரோட்டில் எத்தனை தழையைப் பார்த்திருந்தாலும், நின்றுபோன வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு பார்த்தவன். அதை விலகிக் கடந்து போனவனுக்கு அது என்ன சொல்கிறது என்று நான் நினைத்தே பார்த்ததில்லை.

தழையின் பாஷை தெரியாத மாணவர்கள் அதன் மேலேயே ஏறிப் பத்திரமாக வந்துவிட்டார்கள். தெரிந்தவன் கிணற்றுக்குப் போனான். அடுத்து ஜீப்பில் போகிறவர்கள் ஐந்து பேரும் தெரிந்தவர்கள்.

"பழனியப்பன் போய் எவ்வளவு நேரமாச்சு சார்?"

சுந்தரம் வாட்சைப் பார்த்தார். "அஞ்சு நிமிஷம். ஏன் மேஸ்திரி?"

"ஜீப்பை நிறுத்துங்க. இனி ஒண்ணும் விடாதீங்க."

4. எங்கே நிற்பது

என் புல்லட்டை உதைத்துக் கிளப்பினேன். தடத்தைச் சுற்றிப் போனால் பிடிக்க முடியாது. காட்டுக்குள் வரப்பு வழியாகக் குறுக்கே போனால் கிணறு ஒரு கிலோமீட்டருக்கு உள்ளேதான். சோளத்தட்டு அறுத்த கட்டைகளில் டயர் தாறுமாறாகக் குதித்தது. இரண்டு தடவை விழப் பார்த்தேன். மூன்றாவது தடவை விழுந்தேன். எழுந்து மறுபடி ஓட்டினேன். டாட்டா காட்டிய அந்த இரண்டு கைகள்தான் கண்ணில் நின்றன.

கிணற்றுக்குப் பக்கத்தில் போய்ச் சேர்ந்தபோது ஜீப் சத்தம் கேட்டது. செகண்ட் கியரில் சரளை மேடு ஏறுகிற சத்தம். தழை எனக்கு முப்பதடி தள்ளிக் கிடந்தது. எடுத்து எறிந்துவிடலாம் என்று ஓடினேன். பாதி தூரம் போவதற்குள் மேட்டின் மேல் ஜீப்பின் மூக்கு தெரிந்தது. இறக்கத்தில் வேகமாக வந்தது.

அந்த நொடியில்தான் என் மூளை சரியாக வேலை செய்தது. தழைக்குப் பக்கத்தில் நின்று கையை ஆட்டினால் பழனியப்பன் என்ன நினைப்பார்? மேஸ்திரி நிற்கிறார், தழை கிடக்கிறது, வண்டி பிரேக் டவுன், சந்தேகமே இல்லை. இன்னும் தைரியமாக வலது பக்கம் ஒடிப்பார். நான் எவ்வளவு கத்தினாலும் இஞ்சின் சத்தத்தில் கேட்காது. அவர் எங்கே வரப்போகிறாரோ, அங்கேதான் நான் நிற்க வேண்டும்.

திரும்பி ஓடினேன். தடத்துக்கும் கிணற்றுக்கும் நடுவில் ஆவாரஞ்செடி ஓரத்தில் புல்லட்டைக் குறுக்கே நிறுத்தி, அதன் பக்கத்தில் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றேன். முதுகுக்குப் பின்னால் கிணறு. பயமாக இருந்தது. இதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

ஜீப் வந்தது. தழையைப் பார்த்தது. வேகம் குறைந்தது. பிறகு, நான் நினைத்தபடியே, கொஞ்சமும் தயங்காமல் வலது பக்கம் ஒடிந்து நேராக என்னைப் பார்த்து வந்தது. பழனியப்பன் என்னைக் கண்டதும் பிரேக்கில் ஏறி நின்றார். சரளையில் நாலு சக்கரமும் வழுக்கிக்கொண்டே வந்தன. பம்பர் புல்லட்டில் மோதியது. நான் செடிக்குள் போய் விழுந்தேன். புல்லட் ஒரு புரட்டுப் புரண்டு, அப்புறம் காணாமல் போயிற்று. சத்தம் கொஞ்ச நேரம் கழித்துக் கீழேயிருந்து வந்தது.

பழனியப்பன் கோபத்தோடு இறங்கினார்.

"ஏனுங்க மேஸ்திரி, அறிவிருக்குதுங்களா? தழை கெடக்கறப்ப ஒடிக்கற பக்கம் வந்து நின்னா நான் எங்கிங்க போறது?"

செடிக்குப் பின்னால் கையைக் காட்டினேன். அவர் செடியை விலக்கிப் பார்த்தார். ஜீப்பின் முன் சக்கரத்துக்கும் கிணற்றுக்கும் நடுவில் ஒரு ஆள் படுக்கிற இடம்கூட இல்லை. அறுபதடிக் கிணறு. அடியில் என் வண்டியின் பின் சக்கரம் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது.

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். சரோஜா இரண்டு குழந்தைகளையும் இறக்கி, கையைப் பிடித்து, தடத்தைத் தாண்டி வேலி ஓரத்துக்குக் கூட்டிப் போனார். நான் போய்த் தழையை ஒவ்வொன்றாக எடுத்து வேலிக்கு அந்தப் பக்கம் எறிந்தேன். மூன்று நிமிடம் கழித்து அடுத்த ஜீப் வந்தது. நடுத்தடத்தில் நின்று நிறுத்தினேன். சுந்தரம் அதற்குப் பின்னால் எதையும் விடவில்லை.

5. யார் போட்டது

மத்தியானம் புளியமரத்தடியில் தக்காளிச் சோறு. யாருக்கும் சரியாக இறங்கவில்லை. ஆனால் செய்தி பரவி, ஆளாளுக்கு வந்து என் கையைப் பிடித்தார்கள். "உசுரப் பணயம் வெச்சு நாலு உசுரக் காப்பாத்தீட்டீங்க" என்றார் ஒருவர். எனக்குப் புது வண்டி வாங்கிக் கொடுக்க வேண்டும் என்று பேச்சு ஆரம்பித்தது. சுந்தரம் மட்டும் தள்ளி நின்று என்னைப் பார்த்தார். அவருக்குத் தெரியும். அவர் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. மாலை போடாத குறையாக எல்லோரும் புகழும்போது, வாயை மூடிக்கொண்டு இருப்பது எவ்வளவு சுலபம் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

அப்போது சரோஜா எழுந்து வந்தார். சின்னக் குழந்தை இடுப்பில் தூங்கிக்கொண்டிருந்தது.

"மேஸ்திரி, ஒண்ணு கேக்கோணுமுங்க. அந்தத் தழைய யாருங்க போட்டது?"

அதுவரை யாரும் அதைக் கேட்கவில்லை.

இளைஞர்களுக்கு ஒன்று சொல்கிறேன். தொழிலில் ஒரு குறி வைத்தால், வைத்த இடத்திலிருந்து பார்க்காதீர்கள். எதிரே வருகிறவனுடைய சீட்டில் உட்கார்ந்து ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள். அப்புறம் நான் தடம் போட்ட இடத்தில் எல்லாம், தொழில் தெரிந்த ஒருவரையும் தெரியாத ஒருவரையும் முதலில் ஓட்டவிட்டு, ஆபத்தான இடத்தில் நானே நின்று பார்த்திருக்கிறேன். அந்தக் கிணற்றில் நான் கற்றது இவ்வளவுதான். மற்றதைக் கற்றுக் கொடுத்தது அந்த அம்மாள்.

"நான்தானுங்க போட்டேன்" என்றேன்.

பழனியப்பன் எழுந்தார். அவரைக் கையால் தடுத்துவிட்டு, சரோஜா என் முகத்தைப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

"அப்ப நீங்க அங்க வந்து நின்னது சரிதானுங்க. வேற யாருங்க நிக்கோணும்?" என்றார். குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு ஜீப்புக்குப் போனார்.

புது வண்டிப் பேச்சை அதற்குப் பிறகு யாரும் எடுக்கவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. ஊருக்குப் பஸ் ஏறிப் போனேன்.