பார்த்து நின்றதற்குக் கூலி

என் வாழ்நாள் முழுக்க நன்றி சொல்ல வேண்டிய எட்டுப் பேரை ஒருநாள் வாய்க்கு வந்தபடி திட்டியிருக்கிறேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் பாறசாலைக்குப் பக்கத்தில் வீடு கட்டினேன். மணல் கொண்டுவந்த டிப்பர் லாரி ஒரே நிமிடத்தில் எல்லாவற்றையும் தானே கொட்டியது. ஜங்ஷனில் சுமை இறக்கும் தொழிலாளர்கள் எட்டுப் பேர் அதைப் பார்த்து நின்றுவிட்டு என்னிடம் கூலி கேட்டார்கள். கேரளத்தில் இதற்கு நோக்குகூலி என்று பேர்.

“தொட்டுக்கூடப் பாக்காம எதுக்கு கூலி?” என்று கத்தினேன்.

“லாரி தன்னால கொட்டும், சாரே. எங்க பிள்ளையளுக்கு லாரியா சோறு போடும்?” என்றார் அவர்களில் மூத்தவர்.

எட்டுப் பேரையும் திட்டிக்கொண்டே கொடுத்தேன். பனச்சமூட்டில், எல்லைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டில் இருந்த என் மச்சான் இதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தான்.

மறுவருடம் ஜூன் மாத இடவப்பாதி மழையில் எங்கள் மண்பாதை முழங்காலளவு சேறானது. அன்று காலை மனைவிக்குப் பிரசவ வலி. ஜீப் பெரிய ரோட்டைவிட்டு உள்ளே வர முடியவில்லை. விஷயம் கேட்டு ஜங்ஷனிலிருந்து அதே எட்டுப் பேர் ஓடிவந்தார்கள். அவளை நாற்காலியோடு மாறி மாறித் தூக்கி, ஒரு குலுக்கல் இல்லாமல் ஜீப்பில் சேர்த்தார்கள். காரக்கோணம் ஆஸ்பத்திரியில் என் மகள் நல்லபடியாகப் பிறந்தாள்.

மறுநாள் கூலியோடு ஜங்ஷனுக்குப் போனேன். மூத்தவர் என் கையைத் தள்ளிவிட்டார்.

“அண்ணைக்கு சும்மா நிண்ணதுக்குத் தந்தியல்லா, சாரே. அந்த வேலையத்தான் இப்பம் செய்தோம்.”