சாந்தாமேரி துவைத்த நீல டவல்

ஏற்காட்டில் சத்யராஜ் நடத்தும், கார் கழுவும் வாட்டர் சர்வீஸில் டவல் துவைப்பதற்கென்றே ஓர் ஆள் உண்டு. கார் துடைக்கிற துணிக்குத் தனியாக ஒரு வேலைக்காரியா என்று சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். மைக்ரோ ஃபைபர் டவல் பொல்லாத துணி. எதைப் பிடித்தாலும் உடும்புப் பிடிதான். பருத்தித் துணியோடு சேர்த்து அலசினால் அதன் பஞ்சையெல்லாம் தன் மேல் இழுத்துக்கொள்ளும். கொதிக்கிற நீரில் போட்டால் இழை விறைத்துவிடும். வாசனைக்கென்று எதையாவது ஊற்றினால் அப்புறம் தண்ணீரை உறிஞ்சவே உறிஞ்சாது. உள்ளே ஒரு மணல் தங்கினால் போதும், அடுத்த காரின் பெயிண்டில் கோடு விழும், வண்டிக்காரன் வந்து குதிகுதியென்று குதிப்பான்.

சாந்தாமேரி காப்பி எஸ்டேட்டில் பழம் பறித்துப் பறித்து இடுப்பு விட்டுப்போன பிறகு இந்த வேலைக்கு வந்தவள். ஆரம்பத்தில் திட்டு வாங்கி வாங்கித்தான் கற்றுக்கொண்டாள். நீலம் பாடிக்கு, மஞ்சள் கண்ணாடிக்கு, சாம்பல் சக்கரத்துக்கு. ஒன்றோடு ஒன்றைச் சேர்க்கவே மாட்டாள். முதலில் பச்சைத் தண்ணீரில் ஊறப்போடுவாள், பிறகு சோப்புத் தண்ணீரில் கசக்கி, முறுக்காமல் பிழிந்து, தகரக் கொட்டகைக்குள் நிழலில் காயப்போடுவாள். மழைக்காலத்தில் அது காய்வதற்குள் போதும் போதுமென்றாகிவிடும். காய்ந்ததை உதறி, நிறம் பிரித்து மடித்து, தூசி படாமல் மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாக்களில் அடுக்குவாள். எந்தக் கறையையும் துணியில் காயவிட மாட்டாள். துடைத்த டவல், வண்டி கிளம்புவதற்குள் தண்ணீரில் இருக்கும். அந்தச் சுறுசுறுப்புதான் அவள் குடியைக் கெடுத்தது.

அன்று காலை பனி கண்ணை மறைத்துக்கொண்டிருந்தது. கடை திறந்த கையோடு எஸ்டேட் சாலைப் பக்கமிருந்து ஒரு வெள்ளைக் கார் வந்து நின்றது. முன்பக்கம் ஒடுங்கி, ஒரு விளக்கு உடைந்து, பம்பரெல்லாம் ரத்தம். ஓட்டிவந்தவன் கீழேகூட இறங்கவில்லை. கண்ணாடியை இறக்கி, "மாடு குறுக்க வந்துருச்சு" என்றான்.

இந்த மலையில் மாடு என்று பொதுவாகச் சொன்னால் காட்டெருமையும் அதில் அடக்கம். அவ்வப்போது ஏதாவதொரு வண்டி அதன்மேல் மோதிக்கொண்டு வருவது வழக்கம். அதனால் யாரும் எங்கே, எப்படி என்று கேட்கவில்லை. சத்யராஜ் பிரஷர் பைப்பால் அடித்துக் கழுவினான். மிச்சத்தை ஒரு நீல டவலால் துடைத்து அவளிடம் வீசினான்.

ரத்தக் கறைக்கு வெந்நீர் ஆகாது. பச்சைத் தண்ணீரில் அமுக்கினாள். வாளி சிவந்தது. கொட்டிவிட்டு மறுபடி நிரப்பினாள். டவலில் ஒரு பச்சைக் கம்பளி நூல் சிக்கியிருந்தது. மாட்டின்மேல் இடித்த வண்டி என்றால் துணியெல்லாம் குட்டை மயிர் ஒட்டியிருக்கும், பொறுக்கியெடுப்பதற்குள் நகம் வலித்துவிடும். இதில் ஒரு மயிர்கூட இல்லையே என்று தோன்றியது. தோன்றியதோடு சரி. நூலைப் பிய்த்துச் சாக்கடையில் போட்டாள். ஏற்காட்டில் கம்பளி போடாதவன் யார்?

அவள் புருஷன் மரியதாஸுக்கு எஸ்டேட்டில் இரவுக் காவல். விடிந்ததும் அந்தச் சாலையில்தான் நடந்து வீட்டுக்கு வருவான். அவன் வருவதற்கு முன்பே அவள் வேலைக்குக் கிளம்பிவிடுவாள். ஆகவே அன்று அவன் வீடு வந்து சேராதது அவளுக்குத் தெரியவில்லை. மத்தியானம் மிளகுக் கொடி பார்க்கப் போனவர்கள்தான் சாலைக்குக் கீழே பள்ளத்தில் அவனைக் கண்டார்கள். சாந்தாமேரி ஓடிப்போய்ப் பார்த்தபோது, அவள் பஜாரில் வாங்கிக் கொடுத்த பச்சை மப்ளர் ஓரம் கிழிந்து அவன் கழுத்தில் கிடந்தது. அந்த நூலைப் பிய்த்த விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

செத்தவனையாவது ஊர் சும்மா விட்டதா? அவன் பக்கத்தில் ஒரு காலி பிராந்தி பாட்டில் கிடந்தது. சுற்றுலா வருகிறவர்கள் வீசியெறிந்த பாட்டில் இல்லாத பள்ளம் இந்த மலையில் எங்கே இருக்கிறது? ஆனாலும், "குடிச்சுப்போட்டு உருண்டுட்டான்" என்று ஒரே பேச்சு. அவன் ஒரு காலத்தில் குடித்தவன்தான், ரோட்டில் கிடந்தவன்தான், இல்லையென்று யார் சொன்னது? மகள் அபிஷா கோயிலில் முதல் நற்கருணை வாங்கிய புதுநன்மை அன்று மாதா முன்னால் குடியை விட்டான். அதற்குப் பிறகு ஒரு சொட்டுத் தொடவில்லை. கை நடுங்க, வேர்த்து விறுவிறுத்து, அவன் பட்ட பாட்டைக் கூட இருந்து பார்த்தவள் அவள். உயிர் போனது போயிற்று, அந்தப் பாடும் பொய்யாகப் போவதா? அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. தவறி விழுந்து செத்தான் என்று போலீஸிலும் முடித்துவிடப் பார்த்தார்கள்.

அடக்கம் முடிந்த மறுநாளே கடைக்குப் போனாள்.

"ஏனுங்க, அன்னைக்கு வந்த வெள்ளக் காரு ஆருதுங்க?"

சத்யராஜ் அவள் முகத்தைப் பார்க்காமல் பைப்பைச் சுருட்டினான். "எந்தக் காருங்கக்கா? தெனமும் எத்தனையோ வண்டி வருது."

"மாடு இடிச்சுதுன்னாங்களே. ரத்தமா இருந்துச்சுங்களே."

"சேறுங்க அது."

"தொவச்சவ நானுங்க. எனக்குச் சேறு தெரியாதுங்களா?"

அவன் குரலை இறக்கினான். "நல்லதுக்குச் சொல்றேன், கேளுங்க. அது நொம்பப் பெரிய எடம். நீங்க வாயத் தொறந்தா மொதல்ல மாட்டறது நீங்கதான். தடயத்த அழிச்சது ஆரு? நீங்கதான? பொட்டப் புள்ளைய ஊட்டுல வெச்சுக்கிட்டு ஜெயிலுக்குப் போவீங்களா?"

அவள் கொட்டகைக்குள் போய் நீல டப்பாவைத் திறந்தாள். எல்லாம் ஒரே மாதிரி, மடிப்புக் கலையாமல் இருந்தன. ஒவ்வொன்றாகப் பிரித்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். முகர்ந்து பார்த்தாள். எது அந்த டவல் என்று அவளுக்கே தெரியவில்லை. "பாவி, இத்தனை சுத்தமாவா தொவச்சுத் தொலைப்பேன்" என்று தலையில் அடித்துக்கொண்டாள். புருஷன் செத்ததற்கு அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. வாயில் ஒரு டவலைத் திணித்துக்கொண்டு அழுதாள்.

அழுது முடித்தவள் முகத்தைக் கழுவினாள். டப்பாவை அப்படியே தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, சத்யராஜ் கூப்பிடக் கூப்பிடத் திரும்பிப் பார்க்காமல், நேராகப் போலீஸ் ஸ்டேஷனுக்கு நடந்தாள்.

எஸ்.ஐ. கெட்ட மனுஷர் என்று சொல்ல முடியாது. அவளை உட்காரச் சொன்னார். நடந்ததை முழுக்கக் கேட்டு, சத்யராஜுக்கும் போன் போட்டு விசாரித்தார். இரண்டு மூன்று டவல்களைப் புரட்டிப் பார்த்து, "புதுத் துணியாட்டம் இருக்குதேம்மா. இதுல ரத்தம் இருந்துச்சுன்னு ஆரு சொல்றது? கடைக்காரர் சேறுங்கறாரு" என்றார்.

"நான் சொல்றனுங்க."

"என்னன்னு சொல்லுவ? தொவச்சது நான்னா? தெரிஞ்சுதான் பேசறியா? நாளைக்கு உம்மேலயே கேஸு திரும்பும். அப்பறம் என்னையக் கேக்கக் கூடாது."

சாந்தாமேரி டப்பாவை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"திரும்பட்டுங்க. நான் தொவச்சேன்னே எழுதுங்க சார். கறை இருந்தாத்தானுங்களே தொவைக்க முடியும்? எம்புருஷன் குடிச்சுப்போட்டு உழுகலீங்க. காருல அடிச்சுப்போட்டாங்க. அவரு ரத்தத்த எங்கையாலயே கழுவிச் சாக்கடையில ஊத்துனேன். அப்படியே எழுதுங்க, நான் கையெழுத்துப் போடறேன்."