பச்சைக்கோடு

என் லேத்துப் பட்டறைக்கு அடுத்த பட்டறைக்காரரைத் தெருவே பச்சைக்கோடு என்றுதான் கூப்பிடும். அம்மா வைத்த பெயர் அவருக்கே ஞாபகம் இருக்குமோ என்னவோ. லாரி இன்ஜினுக்குள் பிஸ்டனைப் பிடித்திருக்கும் ராடு இருக்கிறதே, அதன் போல்ட்டுகளை இறுக்கியதும் போல்ட் தலையிலிருந்து ராடு வரை பச்சைப் பெயின்டால் ஒரு கோடு இழுப்பார். போல்ட் துளி நகர்ந்தாலும் கோடு விலகிக் காட்டிக்கொடுத்துவிடும். ஒருமுறை கழற்றிய போல்ட்டைத் திரும்பப் போடவே மாட்டார். இறுக்கும்போதே அது கொஞ்சம் நீண்டுவிடுகிறது, மறுபடி இறுக்கினால் நடுவழியில் அறுந்துவிடும் என்பார்.

அந்தக் கோட்டை வைத்தே அவர் கழுத்தை அறுத்தான் அவர் மனைவியின் தம்பி. இருவரும் அப்போது கூட்டுத் தொழில். ஒரு இன்ஜினை இவர் பாதியில் விட்டு வேறு வேலைக்குப் போன நேரத்தில், கடைக்குப் போகச் சோம்பல்பட்ட மைத்துனன் பழைய போல்ட்டுகளையே முறுக்கி, பச்சைக்கோடும் இழுத்து அனுப்பிவிட்டான். வழியில் போல்ட் அறுந்து, ராடு இன்ஜினைப் பிளந்துகொண்டு வெளியே வந்தது. என்ன சத்தம் என்று குனிந்து பார்த்த ஓட்டுநரின் கையைக் கொதிக்கும் எண்ணெய் வேகவைத்துவிட்டது.

தெருவே கூடி நின்றபோது மைத்துனன் சொன்னது ஒன்றுதான். "கோட்டப் பாருங்க. மாமா கைதான்."

தெரு நம்பியது. ஓட்டுநர் நம்பினார். மனைவியும் நம்பினாள், என் தம்பிக்குப் பொய் பேச வராது என்றாள். அதுதான் அவரை அரித்தது. லாரி வேலை நின்றுபோய், தண்ணீர் மோட்டார் பழுது பார்த்து வயிற்றைக் கழுவினார். அறுந்த போல்ட்டை மேசைக்கு மேலே ஆணியில் தொங்கவிட்டு, தினமும் அதன் முகத்தில்தான் விழித்தார். நாலு பேரை வைத்து அவன் எலும்பை எண்ணிவிடலாம் என்று நான்கூடச் சொன்னேன். எலும்பு கூடிவிடும், அவன் வாயாலேயே வரவழைக்கிறேன் என்றார். பல வருடம் காத்திருந்தார்.

மைத்துனன் தன் மகனுக்கு ஒரு லாரி வாங்கினான். அதன் இன்ஜினைப் பிரித்துக் கட்ட வேண்டியிருந்தது. ஊரில் எத்தனையோ பட்டறை இருக்க, கூசாமல் இவரிடமே கொண்டுவந்தான். ஏன் வரமாட்டான்? இந்தக் கை தப்புச் செய்யாது என்பது பொய் சொன்னவனுக்குத்தானே தெரியும்.

இவர் சரி என்றார். கட்டி முடிக்கும்வரை கூடவே நிற்க வேண்டும் என்று மட்டும் சொன்னார். கை வெந்தபின் தெருமுனையில் காவலுக்கு உட்காரும் அந்தப் பழைய ஓட்டுநரை என்னை அனுப்பி அழைத்துவரச் செய்தார். மனைவி சாப்பாடு கொண்டுவரும் வேளை அது. அவள் வாசலில் கால் வைத்ததும், கழற்றிப் போட்ட பழைய போல்ட்டுகளை எடுத்து ராடில் திருக ஆரம்பித்தார்.

மைத்துனன் குறுக்கே கை நீட்டினான். "மாமா, அது பழசு. நீண்டு போயிருக்கும்."

"இருக்கட்டும். மேல பச்சைக்கோடு போட்டுத் தர்றேன்."

"அறுந்துடும் மாமா. ஓட்டப்போறது என் பையன்."

"அன்னைக்கும் ஒருத்தர் ஓட்டினாரே."

மைத்துனன் ஓட்டுநரின் கையைப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தான். "அன்னைக்கு நான்தான் போட்டேன். கோடும் நான்தான் போட்டேன்."

பச்சைக்கோடு பழைய போல்ட்டுகளைக் கழற்றி எறிந்தார். புதிய போல்ட்டுகளையும், இறுக்கத்தை அளந்து சொல்லும் டார்க் ரெஞ்சையும் அவன் கையில் திணித்தார். "நீயே இறுக்கு."

அவன் இறுக்கினான். ஒவ்வொன்றும் சரியான அளவில் ரெஞ்சில் 'டக்' என்றது. இவர் கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாம் சரி. எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். சரி என்று மட்டும் அவர் வாயைத் திறக்கவில்லை.

"ஒரு கோடு போட்டுடுங்க மாமா."

அவர் பெயின்ட் டப்பாவை மூடினார்.

"அக்கா, நீயாவது சொல்லு."

"நான் என்னத்தச் சொல்ல? உனக்குப் பொய் பேச வராதுன்னு நினைச்சவ நான்" என்று சொல்லிவிட்டு, அவள் கணவருக்கு இலை போட்டாள்.

லாரி இப்போது நன்றாகத்தான் ஓடுகிறது. ஆனால் மகன் எந்த லோடு ஏற்றினாலும் அப்பனும் பக்கத்தில் ஏறிக்கொள்கிறான். பாட்டுப் போட விடுவதில்லை, கண் அசருவதில்லை, இன்ஜின் சத்தத்தையே கேட்டுக்கொண்டு வருகிறானாம். தன் கை இறுக்கியதை அவனாலேயே நம்ப முடியவில்லை. கேட்க எனக்கு வயிறு குளிர்கிறது.